பத்து நிமிடம், அரை லிட்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு – சென்னை

உழைப்பாளர் சிலையை எல்லோரும் காமராசர் சாலைப் பக்கம் நின்றுதான் படம் எடுக்கிறார்கள். ஒருமுறை சுற்றி வந்து கடல் பக்கமாகப் பாருங்கள். நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். சிற்பி முகங்களுக்குச் செலவழித்ததைவிடக் கெண்டைக்கால்களுக்கும் முதுகுகளுக்கும்தான் அதிகம் மெனக்கெட்டிருக்கிறார் என்பது அங்கிருந்து பார்த்தால் தெரியும். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959 ஜனவரியில் திறந்தார்கள். அவர் முதல்வராக இருந்த ஓவியக் கல்லூரியின் காவலாளி ஒருவரைத்தான் மாதிரியாக நிறுத்தினார் என்று சொல்வார்கள்.

இந்தப் பயணத்துக்குப் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டுத் தொழிலாளர் போராட்டங்களைப் பற்றிப் படித்த நாவல்கள், பார்த்த படங்கள் மனதில் கிடக்கின்றன. அவை நடந்த ஊர்களை நேரில் பார்க்கவேண்டும். நாவலில் எல்லாமே ரத்தமும் நெருப்புமாக இருக்கிறது. அந்தத் தொழிலாளர்கள் முதலில் என்னதான் கேட்டார்கள் என்பது பல நேரம் அந்தப் புகையில் மறைந்துபோகிறது. எனக்கு அது தெரியவேண்டும். தினமும் ராத்திரி எழுதிப் போட்டுவிடுகிறேன்.

மெரினாவில் தொடங்கியதற்குக் காரணம் சிலை மட்டும் இல்லை. இந்தியாவில் முதல் மே தினம் கொண்டாடியது இந்த மணலில்தான். 1923 மே 1 அன்று ம. சிங்காரவேலர் ஏற்பாட்டில் இரண்டு கூட்டங்கள் நடந்தன. ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். அன்றைக்கே தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் சேர்த்து ஒரு கட்சியையும் தொடங்கினார். அப்போது அவருக்கு 63 வயது. இப்போது ராஜாஜி சாலையில் உள்ள கலெக்டர் ஆபீஸுக்கு அவர் பெயர். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் வெயிலில் நிற்கிற இடத்துக்குச் சிங்காரவேலர் பெயர் வைத்தது பொருத்தமா குறும்பா என்று தெரியவில்லை.

மதியம் பெரம்பூர். பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் என்று தனித்தனிப் பெயர் இருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு இரண்டும் சேர்ந்து பின்னி மில்தான். 1918 ஏப்ரல் 27 அன்று இந்த மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வது இதைத்தான். முதலில் முனைந்தவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு. தலைவராக வந்தவர் அன்னி பெசன்டின் பத்திரிகையில் இருந்த பி.பி. வாடியா. திரு.வி.க.வும் கூட இருந்தார்.

ஆரம்பத்தில் கேட்டது என்ன தெரியுமா? சாப்பாட்டு நேரம். மதியத்தில் 30 நிமிடம்தான் விடுவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்து, கை கழுவி, தூக்குவாளியைத் திறந்து, விழுங்கி, மறுபடி உள்ளே போய் நிற்கவேண்டும். சங்கம் வந்த பிறகு அது 40 நிமிடமாயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் ஆரம்பித்ததுதான் மற்றதெல்லாம். கதவடைப்பு வந்தது, வாடியா மீது கம்பெனி வழக்குப் போட்டது, வேலைநிறுத்தத்தைத் தூண்டக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. சங்கம் வைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்பது அந்த வழக்கில் பட்டவர்த்தனமாகத் தெரிந்துபோய், கடைசியில் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

இந்தக் கதையை மேடையில் சொல்கிறவர்கள் 1921-ஐ மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். அந்த வருட வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் இழுத்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன, கலவரம், துப்பாக்கிச் சூடு. பட்டினி கிடந்தால் யார் வீட்டில் முதலில் உயிர் போகும் என்பதைக் கணக்கில் எடுக்காத ஒற்றுமை எத்தனை நாள் நிற்கும்? சங்க வரலாற்றில் இந்த அத்தியாயத்தைத்தான் முதலில் படிக்கவேண்டும் என்பது என் கட்சி.

மில் 1996-ல் மூடியாயிற்று. அப்புறம் கொஞ்ச காலம் சினிமாக்காரர்கள் வைத்திருந்தார்கள். பழைய கிடங்கில் கதாநாயகன் பத்துப் பேரைத் தூக்கி எறிகிற சண்டைகளில் நிறைய இங்கே எடுத்ததுதான். இப்போது அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணனிடம், "இங்கே மில் இருந்துச்சாமே?" என்றேன். "ஆமா சார், எங்க தாத்தா வீவிங்ல இருந்தாரு. நான் கேட்ல இருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

இந்தப் பகுதியின் மாநகராட்சி மண்டலத்துக்குத் திரு.வி.க. நகர் என்று பெயர். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்தார்களே, அவர்கள் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத்தான் உட்கார்ந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. முதல் தொழிற்சங்கத் தலைவர்களில் ஒருவர் பெயரில் ஒரு மண்டலம், அந்த மண்டலத்துத் தொழிலாளிக்கு வேலை நிரந்தரம் இல்லை.

ராத்திரி எழும்பூரில் ரயிலுக்குக் காத்திருந்தபோது 'பாதை தெரியுது பார்' படத்துப் பாட்டுகளைக் கேட்டேன். 1960-ல் வந்தது, இடதுசாரிகள் சேர்ந்து எடுத்த படம். இயக்குநர் நிமாய் கோஷ், இசை எம்.பி. சீனிவாசன். படம் ஓடவில்லை. 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' மட்டும் அறுபது வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எழுதியவர் ஜெயகாந்தன் என்று சொன்னால் இன்றைக்கும் பலர் நம்பமாட்டார்கள். எம்.பி.எஸ். பிறகு சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினார். படத்தில் சொன்னதை ஸ்டுடியோவுக்குள்ளும் செய்துகாட்டிய மனிதர்.

திங்கள் – திருவாரூர், கீழவெண்மணி

காலையில் திருவாரூரில் இறங்கினேன். பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கிற நண்பர் வண்டியோடு வந்திருந்தார். கீழ்வேளூர், தேவூர் என்று வாய்க்கால் ஓரமாகவே போகிற சாலை. இரண்டு பக்கமும் நாற்று.

தேவூரில் டீ குடித்தோம். வெண்மணிக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். நண்பர் கட்டாயப்படுத்திக் கொடுத்தார். பால் அளக்கிற அலுமினிய அளவை ஒன்று மேசையில் இருந்தது. "அரை லிட்டருங்களா?" என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். விளிம்பு நசுங்கி, அடியில் ஈயம் வைத்து ஒட்டியது. இரண்டு கையையும் குவித்தால் கொள்கிற அளவுதான் அது பிடிக்கும். 1968-ல் இந்தப் பகுதி விவசாயத் தொழிலாளர்கள் அறுவடைக் கூலியில் கூடுதலாகக் கேட்டது அரை லிட்டர் நெல்.

அதோடு இன்னொன்றும் இருந்தது, அதுதான் மிராசுதார்களுக்குப் பொறுக்கவில்லை: சேரியில் பறந்த செங்கொடி. அதை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேரவேண்டும் என்றார்கள். அந்தச் சங்கத்தின் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்வது, தடுப்பது, அடிதடி என்று முற்றி, டிசம்பர் 25 ராத்திரி சேரிக்குள் புகுந்தார்கள். ஓட முடியாதவர்கள் ராமய்யாவின் குடிசைக்குள் ஒளிந்தார்கள். வெளியே பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

நினைவிடத்தில் பழைய கல் ஒன்று இருக்கிறது, 44 பெயர்களோடு. புதிய மண்டபம் பெரிது. 44 தூண்கள், கருங்கல், 2014-ல் திறந்தது. எனக்கென்னவோ பழைய கல்லின் முன்னால்தான் நிற்கத் தோன்றியது. பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தால் ஒரே வீட்டுப் பெயர்கள் வரிசையாக வருவது தெரிகிறது.

வழக்கு போன போக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாகப்பட்டினம் நீதிமன்றம் நாயுடுவையும் சிலரையும் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் வசதியும் உள்ள, கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினம் என்பது தீர்ப்பில் இருந்த வாதங்களில் ஒன்று. 1980 டிசம்பரில் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார்.

இதைப் பற்றி நாவல் எழுதியவர்களில் முதலில் பெயர் வாங்கியவர் இந்திரா பார்த்தசாரதி. 'குருதிப்புனல்' 1975-ல் வந்தது, சாகித்ய அகாதெமி விருது பெற்றது, 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்று 1983-ல் படமும் ஆயிற்று. மொழி கூர்மையானது, மறுக்கவில்லை. ஆனால் பண்ணையாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக வைத்ததை அன்றைக்கே பலர் எதிர்த்தார்கள். இங்கே வந்து நின்று பார்த்தால் எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது. அரை லிட்டர் நெல்லுக்கும் ஒரு கொடிக்கும் நடந்த சண்டைக்கு மனோதத்துவம் எதற்கு? சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' இந்த மண்ணின் பேச்சிலேயே எழுதப்பட்டது. கூலி, படி, களம், பண்ணை எல்லாம் அதில் அதனதன் இடத்தில் இருக்கின்றன. பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த ஆவணப்படம் 'ராமய்யாவின் குடிசை' இன்னும் நேரடி. பிழைத்தவர்களைப் பேசவிட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறது கேமரா.

வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "எந்தக் கட்சி தம்பி?" என்றார். கட்சி இல்லைங்க ஐயா, படித்துவிட்டு வந்தேன் என்றேன். "படிச்சிட்டு நெறய பேரு வர்றாங்க. டிசம்பர்ல வாங்க, கூட்டம் இருக்கும். இப்ப நடவுக்கு ஆளு கெடைக்கல" என்று பேச்சை வேறு பக்கம் கொண்டுபோனார். அப்புறம் அரைமணி நேரம் நடவு மெஷின் வாடகை பற்றித்தான் பேசினோம்.

சாயங்காலம் திருத்துறைப்பூண்டி. சீனிவாசராவ் நினைவிடம். கன்னடக்காரர், பிராமணர், 1943-ல் கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பித் தஞ்சைப் பக்கம் வந்தார், சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டினார். அடித்தால் திருப்பி அடி என்று பண்ணையாட்களிடம் அவர் சொன்னதாக இந்தப் பக்கம் இன்றைக்கும் சொல்கிறார்கள். 1944-ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுவதும் நிற்கவேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அடிக்கக் கூடாது, சாணியைக் கரைத்து வாயில் ஊற்றக் கூடாது என்பதற்கு ஓர் ஒப்பந்தம்! வெண்மணிக்கு 24 வருடம் முன்னால்தான் இது. அந்த நெருப்பு திடீரென்று பற்றியது இல்லை.

புதன் – திருநெல்வேலி

நேற்று முழுக்க பஸ்ஸிலேயே போயிற்று, எழுத ஒன்றும் இல்லை. ஒரு பஸ்ஸில் வீடியோவில் 'அசுரன்' போட்டார்கள். குடிசைகளுக்குத் தீ வைக்கிற இடம் வந்ததும் பக்கத்து சீட்டுக்காரர், "வெண்மணிக் கதைதானே சார் இது?" என்றார். நெருப்பைக் காட்டினால் ஜனங்களுக்கு உடனே ஊர் பெயர் ஞாபகம் வருகிறது. பெரிய விஷயம்தான்.

காலையில் கொக்கிரகுளம். ஒரு பக்கம் கலெக்டர் ஆபீஸ், ஒரு பக்கம் தாமிரபரணி, கொஞ்சம் தள்ளிச் சுலோசன முதலியார் பாலம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தது இந்தச் சாலையில்தான். கூலி உயர்வு, போராடிச் சிறைக்குப் போனவர்களின் விடுதலை – இதை எழுதிய மனுவைக் கலெக்டரிடம் கொடுக்கவேண்டும். போலீஸ் தடியடி நடத்தியது. ஜனங்களுக்கு ஓட இருந்த ஒரே வழி ஆறு. 17 பேர் செத்தார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட.

படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "அன்னிக்கு ஆத்துல தண்ணி கெடந்துச்சிய்யா. இப்பம் மாதிரி இல்ல. கரையில ஏறுனவங்களையும் அடிச்சானுவ. நா அந்தா அந்தக் கல்லுகிட்ட நின்னேன்" என்று கையால் காட்டினார். அதற்குள் சோப்பு நழுவித் தண்ணீரில் போய்விட, அதைத் தேடுவதில் பேச்சு முடிந்தது.

ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'ஒரு நதியின் மரணம்' ஆவணப்படத்தில் அந்த நாளின் காட்சிகள் இருக்கின்றன. கேமரா வைத்திருந்தவர்கள் இல்லையென்றால், கூட்டம் தானாகவே ஆற்றில் விழுந்தது என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு நின்றிருக்கும். இந்தப் பக்கத்துக்காரரான மாரி செல்வராஜ் சினிமா எடுக்கும் முன்னால் எழுதிய சிறுகதைத் தொகுப்பின் பெயரே 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்'. ஒவ்வொரு ஜூலை 23-க்கும் கட்சிக்காரர்கள் வரிசையாக வந்து ஆற்றில் மலர் தூவுகிறார்கள். யார் எத்தனை மணிக்கு வரலாம் என்று போலீஸ் நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறது.

இதே திருநெல்வேலி 1908 மார்ச் 13 அன்றும் கொந்தளித்தது. வ.உ.சி.யைக் கைது செய்தார்கள் என்று கேட்டு ஊரே தெருவுக்கு வந்தது. நகராட்சி ஆபீஸ், தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்கு 2024-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்த பிறகு பல பேர் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். வ.உ.சி. என்றால் கப்பலும் செக்கும் மட்டும்தான் என்று பாடப்புத்தகம் பழக்கிவைத்திருக்கிறது. அந்தக் கைதுக்குப் பின்னால் ஒரு மில் வேலைநிறுத்தம் இருந்தது. நாளைக்கு அங்கே போகிறேன்.

வியாழன் – தூத்துக்குடி

கோரல் மில். ஹார்வி கம்பெனியுடையது. 1908 பிப்ரவரி 27-ல் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை லீவு. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தினம் கூட்டம் போட்டார்கள். ஊரே பின்னால் நின்றது. கம்பெனிக்குச் சாதகமாகப் பேசிய ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர், பேச்சைக் கேட்டதும் பாதிச் சவரத்தோடு எழுந்து போய்விட்டார் என்ற கதை இந்த ஊரில் வெகு பிரபலம். மார்ச் முதல் வாரத்தில் கம்பெனி இறங்கி வந்தது. கேட்டது கிடைத்தது. இந்தப் பயணத்தில் நான் பார்க்கிற ஊர்களில் சண்டை போட்டுச் சுத்தமாக ஜெயித்தது இந்த ஒன்றுதான், அதற்குள் ஜெயிக்க வைத்தவரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

இங்கேயும் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட்டை மூடச் சொல்லிப் போனவர்களைச் சுட்டார்கள். மறுநாள் சூட்டையும் சேர்த்து 13 பேர் செத்தார்கள். ஆட்டோக்காரர் அந்த வழியாகப் போகும்போது வேகத்தைக் குறைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மக்ரூன் வாங்கினேன். வெயில் அதிகம். மத்தியானமே நெல்லைக்குத் திரும்பிவிட்டேன்.

வெள்ளி – அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு

தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-ல் வந்தது. நூல் கிடைக்காமல் தறி நின்றுபோன அம்பாசமுத்திரத்துக் கைத்தறி நெசவாளர்கள்தான் அதன் ஜனங்கள். கமில் சுவலபில் அதைச் செக் மொழிக்குக் கொண்டுபோனார். இந்த ஊரில் பழைய புத்தகக் கடை ஒன்றில் கேட்டேன். இல்லை. ஆனால் அதே ரகுநாதன் தமிழில் கொடுத்த கார்க்கியின் 'தாய்' இருந்தது. அட்டை போய், ஓரமெல்லாம் பழுப்பேறி, உள்ளே 'மன்றத்துப் புத்தகம், திருப்பித் தரவும்' என்று நீல மையில். யாரோ திருப்பித் தரவில்லை. சோவியத் புத்தகங்கள் மலிவு விலையில் வந்த காலத்தில் ஒவ்வொரு மில் ஊரிலும் இப்படி ஒரு படிப்பகம் இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அம்பாசமுத்திரத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வியின் பஞ்சாலை உண்டு, பாபநாசத்துத் தண்ணீரை நம்பி வந்தது. ஆக, நூற்பு ஆலைக்குப் பக்கத்திலேயே நூல் இல்லாமல் தறி நின்ற கதையைத்தான் ரகுநாதன் எழுதினார்.

மணிமுத்தாறு செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்கள். அனுமதி இல்லாமல் மாஞ்சோலைக்குப் போக முடியாது, புலிகள் காப்பகம். கீழிருந்தே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா கம்பெனி 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காடு. 2028-ல் குத்தகை முடிகிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மேலே வரிசையாகக் குடியிருப்புகள். 2024-ல் விருப்ப ஓய்வு என்று சொல்லி வேலையை முடித்தார்கள். அரசின் தேயிலைக் கழகமே தோட்டத்தை நடத்தவேண்டும் என்று தொழிலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். காடு காட்டுக்கே என்று தீர்ப்பாயிற்று. புலிக்கும் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் நான்கு தலைமுறை கொழுந்து பறித்தவர்கள் இறங்கி வருகிறபோது அவர்கள் கையில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை என்பதைப் புலி தீர்மானிக்கவில்லையே.

செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் இரண்டு பேர், மேலே பிறந்தவர்கள். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி, இன்னொருவர் லாரி. லீவில் வந்து மலையைப் பார்த்துவிட்டுப் போவார்களாம். "மேல போனா குளிரு, கீழ வந்தா காச்சலு" என்று சொல்லிச் சிரித்தார் லாரிக்காரர்.

ஞாயிறு – வால்பாறை

பாலக்காடு ரயிலில் நேற்று ராத்திரி பொள்ளாச்சி வந்து, காலை பஸ்ஸில் மலை ஏறினேன். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். அட்டகட்டிக்கு மேல் குளிர். கவர்க்கல் பக்கம் கார்வர் மார்ஷ் என்ற வெள்ளைக்காரருக்குச் சிலை இருக்கிறது. ஆனைமலைத் தோட்டங்களின் முன்னோடி என்று கொண்டாடப்படுகிறவர். கையை நீட்டிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கை காட்டிய பக்கமெல்லாம் மரம் வெட்டி, கல் புரட்டி, மலேரியாவில் செத்தவர்கள் யார் என்பதற்கு இங்கே கல் எதுவும் இல்லை. ஒரு புத்தகம்தான் இருக்கிறது.

பி.எச். டேனியல் 1940-களில் இந்தத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர், தொழிற்சங்கம் கட்டியவர்களில் ஒருவர். வயதான தொழிலாளர்கள் சொன்னதை வைத்து ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1969-ல் வந்தது. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். திருநெல்வேலிச் சீமையின் மயிலோடைக் கிராமத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரியின் பேச்சை நம்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். அந்த முன்பணம் தீரவே தீராது. பாலாவின் 'பரதேசி' (2013) இதிலிருந்துதான் வந்தது. படத்தில் கணக்குப் பார்க்கிற காட்சி இருக்கிறதே, கம்பளிக்குப் பிடித்தம், அரிசிக்குப் பிடித்தம் என்று கழித்துக் கழித்துக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பது – அந்த இடத்துக்காகப் பாலாவுக்கு எதையும் மன்னிக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் நாவலில் டாக்டர் ஆபிரகாம் மனசாட்சியுள்ள மனிதர், தொழிலாளிக்காக நிர்வாகத்தோடு மோதுகிறவர். படத்தில் அவர் இடத்தில் வருகிற டாக்டர் ஆடிப்பாடி மதம் மாற்றுகிறார். சங்கம் கட்டிய டாக்டர் எழுதிய கதையில் டாக்டரையே கோமாளி ஆக்கியதை எப்படி மன்னிப்பது?

வால்பாறை பஜாரில் அறிமுகமான ஒரு தோழர் தன் அத்தை வீட்டுக்கு அழைத்துப்போனார். லைன் வீடு. முன்னறையில் டிவி, அடுப்படியில் விறகு. அத்தை கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். பாட்டி காலத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஏலக்காய் தட்டிப்போட்ட டீயைக் கொடுத்துவிட்டு என் கையில் இருந்த புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தார்.

"இது படமா வந்துச்சே. டிவியில பாத்து அழுதோம். எங்க பாட்டி சொன்னதெல்லாம் அப்படியே இருந்துச்சு."

"சரியா எடுத்திருந்தாங்களா அத்தை?"

"சரியாத்தான் எடுத்திருந்தாங்க. ஆனா அழுகையோட முடிச்சிட்டாங்களே தம்பி. அப்புறம் சங்கம் வந்துச்சு. மேஸ்திரி கை நீட்டுறது நின்னுச்சு. பிள்ளக்கூடம் வந்துச்சு, பேறுகால லீவு வந்துச்சு. எங்கம்மா கொடி பிடிச்சிட்டுப் போனதை நான் பாத்திருக்கேன். அதையெல்லாம் எடுத்தா ஓடாதா?"

1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் பற்றி நான் படித்து வைத்திருந்ததை அவர் இப்படி ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

இப்போது தோட்டத்தில் பாதிப் பேச்சு இந்தி. அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அழைத்துவருகிற ஏஜென்டைப் பற்றிக் கேட்டேன். "அந்தக் காலத்து மேஸ்திரிதான். போன் வச்சிருக்கான்" என்றார் தோழர். பக்கத்து லைனில் இருந்த ஒரு ஜார்க்கண்ட் பெண்ணுக்கு அத்தை தமிழ் எண்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார், எடை போடுகிற இடத்தில் ஏமாறக் கூடாது என்று. அந்தப் பெண் என் முன்னால் ஒன்றிலிருந்து ஐம்பது வரை தடுமாறாமல் சொல்லிக்காட்டினாள்.

கிளம்புகிற நேரத்தில் அத்தை ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். அவர் மருமகளும் இன்னும் சில பெண்களும் வேலை பார்க்கிற தோட்டத்தில் கம்பளிக்குத் தரவேண்டிய காசு இன்னும் வரவில்லையாம். மழைக்காலம் பாதி போய்விட்டது. சங்க ஆபீஸில் எழுதித் தருகிறவர் ஊருக்குப் போயிருக்கிறார். "நீங்கதான் எழுதுறவுகளாச்சே, ஒரு மனு எழுதிக் குடுங்க."

எழுதினேன். மலையின் குளிர், பெண்கள் படுகிற பாடு, நூறு வருடத் தியாகம் என்று ஒரு பத்தி ஆரம்பத்திலேயே போய்விட்டது. படித்துக்காட்டச் சொன்னார். இரண்டு வரி கேட்டதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதெல்லாம் மேனேஜருக்குத் தெரியும் தம்பி. எத்தனை பேரு, ஆளுக்கு எவ்வளவு, எந்த மாசத்துலருந்து வரணும். அதை முதல் வரியில போடுங்க. மத்ததை அடிச்சிருங்க."

அடித்துவிட்டு வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன். நான்கு வரி வந்தது. மருமகள் வாங்கி, தொகையை மட்டும் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். மற்ற வீடுகளுக்குத் தாள் போயிற்று. நாளைக்குக் காலை மஸ்டரில், ஆள் கணக்கு எடுக்கிற இடத்தில், கொடுக்கிறார்களாம். நான் நாலரை மணி பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிவிட்டேன். என்ன ஆயிற்று என்று தோழர் போனில் சொன்னால் எழுதுகிறேன்.